மருந்துச்சீட்டு கம்ப்யூட்டருக்குப் போகும் முன்: எந்த வழி, எந்த மருத்துவமனைக்கு?

கையெழுத்தா கம்ப்யூட்டரா என்று கேட்டால் இன்றைக்கு எந்த மருத்துவமனை நிர்வாகமும் கையெழுத்து என்று சொல்லாது. சட்டமும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. மருந்தைப் பொதுப்பெயரில், படிக்கும்படி, முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்திவிட்டது. 2024 ஜனவரியில் ஒடிசா உயர் நீதிமன்றம் அந்த மாநில டாக்டர்கள் எல்லோருக்கும் இதையே உத்தரவாகப் போட்டது. 2025இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், படிக்க முடிகிற மருந்துச்சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் வருவது என்றது. சாஃப்ட்வேர் விற்க வருபவருக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

சிக்கல் என்னவென்றால், கம்ப்யூட்டர் மருந்துச்சீட்டு என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருட்கள். ஓபியில் உட்கார்ந்து டைப் செய்து பிரிண்ட் எடுப்பதும் அதே பெயர். வார்டில் டாக்டர் போடும் ஆர்டர் நேராகப் பார்மசிக்கும் நர்ஸ் திரைக்கும் போவதும் அதே பெயர். நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்த பிறகே ஊசி போட விடுவதும் அதே பெயர்தான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்; தடுக்கும் தவறுகளோ முற்றிலும் வேறு வேறு. ஆகவே எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், மருந்துத் தவறு உங்கள் மருத்துவமனையில் யார் கையில் நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய, ஆனால் இன்னும் பயன்படும் கணக்கு உண்டு. பாஸ்டன் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில் 334 மருந்துத் தவறுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். டாக்டர் ஆர்டர் போடும்போது நடந்தவை 39%. அதை வேறொருவர் பார்த்து எழுதும்போது 12%. பார்மசியில் எடுத்துக் கொடுக்கும்போது 11%. நோயாளிக்குக் கொடுக்கும்போது 38%. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விவரம். டாக்டர் செய்த தவறுகளில் ஏறக்குறைய பாதியை நர்ஸோ பார்மசிஸ்டோ நடுவில் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டார்கள். கடைசியில் படுக்கையருகே நடந்தவற்றில் தடுக்கப்பட்டவை 2% மட்டுமே. நர்ஸுக்குப் பின்னால் வேறு யாரும் நிற்பதில்லை.

இப்போது நம் ஊர் 100 படுக்கைத் தனியார் மருத்துவமனைக்கு வருவோம். காலை ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் வாயால் சொல்கிறார். கூட வரும் டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். ஸ்டாஃப் நர்ஸ் அதைப் பார்த்து டிரக் சார்ட்டில், அதாவது எந்த மருந்து எத்தனை மணிக்கு என்ற அட்டவணையில், ஏற்றுகிறார். அப்புறம் பார்மசிக்கு இன்டென்ட், அதாவது மருந்து கேட்கும் சீட்டு, போடுகிறார். பார்மசியில் அந்த பிராண்ட் இல்லையென்றால் வேறொரு பிராண்ட் பில்லில் ஏறுகிறது. சில இடங்களில் நோயாளியின் மகனோ மருமகனோ சீட்டோடு போய் மருந்தை வாங்கிவந்து நர்ஸ் மேசையில் வைக்கிறார். ஒரே மருந்தின் பெயர் மூன்று நான்கு முறை கைமாறுகிறது. பாஸ்டனின் 12% இங்கே அதைவிடக் கூடுதலாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

காகிதத்தைச் சரிசெய்வது

முதல் வழியைப் பலர் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. காகிதத்திலேயே இருந்துகொண்டு, அந்தக் காகிதத்தை ஒழுங்குபடுத்துவது.

ஆஸ்திரேலியா இதை நாட்டளவில் செய்தது. மருத்துவமனைக்கு ஒரு டிரக் சார்ட் என்று இருந்ததை மாற்றி, 2006 வாக்கில் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஒரே வடிவ சார்ட்டைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வாமைக்குத் தனிக் கட்டம், கொடுக்க வேண்டிய நேரத்துக்குத் தனிக் கட்டம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்குத் தனி இடம். முக்கியமான மாற்றம், டாக்டர் எழுதும் அதே தாளில்தான் நர்ஸும் கையெழுத்துப் போடுகிறார். பார்த்து எழுதும் வேலை அங்கேயே ஒழிந்துபோகிறது. கம்ப்யூட்டர் தரும் பெரிய நன்மைகளில் ஒன்று, அச்சுக்கூலிச் செலவில்!

இதோடு சில எழுத்து விதிகளும் சேர வேண்டும். இன்சுலினுக்கு "யூனிட்" என்பதை முழுதாக எழுதுவது. 10க்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில யூ எழுத்தைப் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யமாகி 100 ஆகத் தெரியும். 5.0 என்று எழுதாமல் 5 என்று நிறுத்துவது. மைக்ரோகிராமைச் சுருக்காமல் எழுதுவது. இதற்கெல்லாம் எந்த கம்பெனிக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

எழுத்து எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு பிரிட்டனில் 1980களில் நீதிமன்றம் போன ஒரு வழக்கு இன்றும் பேசப்படுகிறது. நெஞ்சுச் சளித் தொற்றுக்கு டாக்டர் எழுதிய அமாக்சில் என்ற ஆன்டிபயாடிக்கை, டயோனில் என்று படித்துச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார் பார்மசிஸ்ட். சர்க்கரை நோயே இல்லாத அந்த மனிதருக்கு மூளையில் நிரந்தர பாதிப்பு. நீதிமன்றம் இழப்பீட்டில் 75% பொறுப்பைப் பார்மசிஸ்ட் மீதும் 25% பொறுப்பை டாக்டர் மீதும் வைத்தது. எழுத்து புரியாவிட்டாலும், மாத்திரை எண்ணிக்கையையும் டோஸையும் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்பது நீதிபதியின் நியாயம்.

அந்த நியாயம்தான் காகித வழியின் இரண்டாவது பாதிக்கு என்னைக் கொண்டுபோகிறது. சந்தேகப்படுவதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். 2008இல் நம் நாட்டில் பார்ம்.டி., அதாவது வார்டில் வேலை செய்யும் பார்மசிஸ்டுகளுக்கான படிப்பு, வந்தது. படித்து வெளியே வருபவர்களில் பலர் வார்டைப் பார்க்காமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரைக் காலையில் சார்ட்டுகளைப் புரட்டிப் பார்க்க உட்காரவைத்தால், சிறுநீரகம் கெட்டவருக்குக் குறைக்காமல் விட்ட டோஸ், ஒரே மருந்து இரண்டு பிராண்டில் போவது, வாய்வழி மாத்திரைக்கு மாற்றியும் நிறுத்தாத ஊசி என்று தினமும் ஏதாவது பிடிபடும்.

காகிதத்தால் முடியாததும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அது இருக்காது. பழைய அட்மிஷனில் எழுதிய ஒவ்வாமை இந்த அட்மிஷனுக்கு வந்து சேராது. போன மாதம் வார்டில் எத்தனை பேருக்கு எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போனது என்று கேட்டால், யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும்; யாரும் எண்ண மாட்டார்கள்.

ஓபியில் டைப் செய்து பிரிண்ட் எடுப்பது

இது மலிவு, சீக்கிரம் நடக்கும், நீதிமன்றம் கேட்பதையும் கொடுத்துவிடும். நம்மூரில் இதற்கு வேறொரு நன்மையும் இருக்கிறது. 1-0-1 என்று எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று தமிழில் அச்சாக வைக்கலாம். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மனைவியோ பேரனோதான். அவர்கள் படிக்க முடிவதே பாதி மருத்துவம். இதைச் செய்யாத சாஃப்ட்வேரை ஓபிக்கு வாங்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

ஆனால் இதை வாங்கிவிட்டு மருந்துத் தவறு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது ஆபத்து. போன முறை எழுதியதை அப்படியே காப்பி செய்யும் பட்டன் எல்லாவற்றிலும் இருக்கும், அதைத்தான் எல்லோரும் அழுத்துவார்கள். ஐந்து நாளைக்கு எழுதிய வலி மாத்திரை மாதக்கணக்கில் தொடர்வது இப்படித்தான். பட்டியலில் ஒரு வரி தள்ளி கிளிக் செய்தால் வேறு மருந்து விழும். அதுவும் அழகாக, தெளிவாக அச்சாகும். கிறுக்கலைப் பார்த்தால் பார்மசிஸ்ட் போன் போட்டுக் கேட்பார். அச்சைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

உள்நோயாளிகளுக்கு இந்த வழியால் எதுவும் மாறாது. நோயாளிக்குக் கடும் தீங்கு செய்யும் மருந்துகள், அதாவது இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு ஊசி, மார்ஃபின் போன்றவை ஊசியாக ஏறுவது பெரும்பாலும் வார்டிலும் ஐசியூவிலும்தான்.

வார்டில் டாக்டரே ஆர்டர் போடுவது

உண்மையான விவாதம் இங்கேதான். ஆதரவாக முதலில் வந்த பெரிய சாட்சி பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையிலிருந்து. டாக்டர்கள் கம்ப்யூட்டரில் ஆர்டர் போடத் தொடங்கிய பிறகு, நடுவில் யாராலும் தடுக்கப்படாத கடுமையான மருந்துத் தவறுகள் 55% குறைந்தன என்று 1998இல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் விற்பனை மேசைகளில் சுற்றுகிற எண் இதுதான். ஆனால் அது அந்த மருத்துவமனையே தனக்காக உருவாக்கிக்கொண்ட சாஃப்ட்வேர். வெளியே வாங்கிப் பொருத்திய பெட்டிச் சரக்கின் கதை அது இல்லை.

வாங்கிப் பொருத்தியதன் கதைக்கு சிட்னி நகரின் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. ஒன்றில் ஒரு அட்மிஷனுக்கு 6.25 ஆக இருந்த மருந்து எழுதும் தவறு 2.12 ஆகக் குறைந்தது, இன்னொன்றில் 3.62 என்பது 1.46 ஆனது. பெரிய வெற்றிதான். உள்ளே போய்ப் பார்த்தால், குறைந்தவற்றில் பெரும்பங்கு அரைகுறையாக, புரியாமல், விதிப்படி இல்லாமல் எழுதிய ஆர்டர்கள். தவறான மருந்து, தவறான டோஸ் வகையில் இறக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கடுமையான தவறுகள் 44% குறைந்தன, அதையும் மறைக்கக் கூடாது. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் வந்த பிறகு மிச்சமிருந்த தவறுகளில் 35% அந்த கம்ப்யூட்டராலேயே புதிதாக வந்தவை.

புதிதாக வருபவை எப்படி இருக்கும்? பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓர் ஆய்வுக் குழு நர்ஸ்களோடும் இளம் டாக்டர்களோடும் உட்கார்ந்து பார்த்து, சாஃப்ட்வேரே வழிவகுக்கும் தவறுகளில் 22 வகைகளை 2005இல் பட்டியலிட்டது. ஒரு நோயாளியின் மருந்து முழுவதையும் பார்க்கப் பல திரைகளைத் திறக்க வேண்டியிருந்தது. பார்மசியில் இருப்பு எந்த அளவில் இருக்கிறதோ அதைத் திரை காட்ட, அதுவே வழக்கமான டோஸ் என்று இளம் டாக்டர் எடுத்துக்கொண்டார். புது டோஸ் போட்டபோது பழைய டோஸ் தானாக நிற்கவில்லை. கடைசியாகச் சொன்னது நம் ஊர் மென்பொருட்களிலும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது.

இதில் மிகவும் கசப்பான கதை பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையுடையது. 2002 அக்டோபரில் ஆறே நாளில் மருத்துவமனை முழுவதையும் கம்ப்யூட்டர் ஆர்டருக்கு மாற்றினார்கள். வேறு ஊர்களிலிருந்து ஆபத்தான நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் இறப்பு 2.80% ஆக இருந்தது, அதற்குப் பிந்தைய மாதங்களில் 6.57% ஆனது. காரணங்களைப் படித்தால் ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும்வரை ஆர்டர் போட முடியாது. முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்தைத் தயார்செய்வார்கள். சில நொடியில் எழுதிய ஆர்டருக்கு இப்போது பத்து கிளிக்கும் ஒன்றிரண்டு நிமிடமும். ஐசியூவில் கையருகே இருந்த மருந்துகள் மையப் பார்மசிக்குப் போய்விட்டன. படுக்கையருகே நின்ற ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் காகிதமே மேல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே கம்பெனியின் அதே சாஃப்ட்வேரை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை பொருத்தியபோது இறப்பு கூடவில்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்ததைப் பார்த்துவிட்டு, ஐசியூவில் வழக்கமாகச் சேர்ந்து போகும் ஆர்டர்களை ஒரே தொகுப்பாக முன்கூட்டியே செய்துவைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு குழந்தைகள் மருத்துவமனையிலோ கம்ப்யூட்டர் ஆர்டர் வந்த பிறகு இறப்பு விகிதம் 20% குறைந்ததாக 2010இல் எழுதினார்கள். பெட்டிக்குள் இருந்தது ஒன்றுதான். அதைப் பிரிப்பதற்கு முன்னால் செய்த வேலைதான் வேறு. இதனால்தான் "அந்த மருத்துவமனையில் போட்டிருக்கிறார்கள், நன்றாக ஓடுகிறது" என்ற சிபாரிசுக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை.

அப்புறம் எச்சரிக்கைகள். இரண்டு மருந்து ஒத்துப்போகாது, டோஸ் கூடுதல், ஒவ்வாமை என்று திரையில் குதிக்கும் அலர்ட்டுகள்தான் விற்பனையில் முதலில் காட்டப்படுபவை. 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி டாக்டர்கள் இந்த அலர்ட்டுகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஊதிக்கொண்டே வரும் பஸ்ஸின் ஹாரனுக்கு ரோட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அலர்ட் குறைவாக இருக்க வேண்டும்; இருக்கும் சில அலர்ட்டுகள் ஆளை உண்மையாகவே நிறுத்த வேண்டும்.

நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான்ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013இல் நடந்தது போதும். 38.6 கிலோ எடையுள்ள 16 வயதுப் பையனுக்கு, நம்மூரில் செப்ட்ரான் என்று தெரிந்த அந்த மாத்திரை ஒன்று, 160 மி.கி., போக வேண்டும். திரையில் அளவு "கிலோவுக்கு இத்தனை மி.கி." என்ற முறையில் இருந்தது, டாக்டர் 160 என்று போட்டார். கணக்கு 38.6 மடங்கு பெருகி 38½ மாத்திரை ஆனது. டாக்டருக்கு அலர்ட் வந்தது, தள்ளிவிட்டார். பார்மசிஸ்டுக்கும் வந்தது, அவரும் தள்ளிவிட்டார். மருந்து எடுக்கும் ரோபோ 38½ மாத்திரையைச் சரியாக எண்ணிக் கட்டியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது; பார்கோடை ஸ்கேன் செய்தார்; ஆர்டரில் உள்ளபடியே இருக்கிறது என்று திரை சொன்னது. பையன் எல்லாவற்றையும் விழுங்கினான். வலிப்பு வந்து, பிறகு பிழைத்துக்கொண்டான். அமாக்சிலை டயோனிலாகப் படித்த பார்மசிஸ்டிடம் நீதிபதி எதிர்பார்த்த சந்தேகம் இங்கே நர்ஸுக்கு இருந்தது. கம்ப்யூட்டர் அதைத் தீர்த்துவைத்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் வார்டு ஆர்டர் முறையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கலாம். ஆர்டரை யார் டைப் செய்யப்போகிறார்?

நடுத்தரத் தனியார் மருத்துவமனைகளில் பெரிய டாக்டர்கள் முழுநேர ஊழியர்கள் இல்லை. காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம், சாயங்காலம் சொந்த கிளினிக். அவர் உட்கார்ந்து டைப் செய்ய மாட்டார். டூட்டி டாக்டர் வார்டுக்கு ஒருவர் 24 மணி நேரமும் இருந்தால் அவர் போடுவார். அலர்ட் வந்தால் கன்சல்டன்ட்டுக்கு போன் செய்து மாற்றுவார். அது ஓடும். டூட்டி டாக்டரும் பற்றாக்குறை என்றால் நடக்கப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாக்டரின் பாஸ்வேர்டு ஒரு துண்டுச்சீட்டில் நர்ஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும், நர்ஸே ஆர்டர் போடுவார். அப்போது அலர்ட் குதிப்பது, ஆர்டரை மாற்ற அதிகாரம் இல்லாதவர் கண்முன். அவர் "சரி" பட்டனை அழுத்துவதைத் தவிர வேறு என்ன செய்வார்? பார்த்து எழுதும் தவறும் ஒழியவில்லை, டாக்டர் செய்யும் தவறும் நிற்கவில்லை, சட்டப்படி எல்லாம் டாக்டர் பெயரில் பதிவாகியிருக்கிறது. இந்த நிலைக்குக் காகிதம் எவ்வளவோ மேல்.

பெரிய டாக்டர்களே மறுத்தால் எப்படிப்பட்ட நிர்வாகமும் பின்வாங்கும். லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் 2002இன் கடைசியில் பெரும் செலவில் தொடங்கிய கம்ப்யூட்டர் ஆர்டர் முறையை 2003 ஜனவரியில், டாக்டர்களின் எதிர்ப்பால் நிறுத்த வேண்டி வந்தது. அது பண பலமுள்ள இடம், எழுந்து நின்றுவிட்டார்கள். 100 படுக்கை மருத்துவமனைக்கு அந்த அடி தாங்காது.

கைப்பட்டை, பார்கோடு

கடைசியில், நர்ஸுக்குப் பின்னால் யாரும் இல்லாத அந்த இடத்தில் ஸ்கேனரை நிறுத்துவது. இதற்கான சாட்சியும் பிரிகாம் மருத்துவமனையிலிருந்தே, 2010இல். பார்கோடும் மின்-சார்ட்டும் (நர்ஸின் டிரக் சார்ட் திரையில் வருவது) வந்த பிறகு, நேரம் தவறியதைக் கணக்கில் எடுக்காமல், மருந்து கொடுக்கும் தவறு 11.5% என்பது 6.8% ஆகக் குறைந்தது. இன்னொரு விவரம் எனக்கு அதைவிட முக்கியம். அங்கே டாக்டர்கள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில்தான் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ்கள் அதைப் பார்த்துக் காகித சார்ட்டில் எழுதினார்கள். அந்தப் பார்த்து எழுதுதலில் 6.1% தவறு. மின்-சார்ட் வந்ததும் அது பூஜ்யமானது. அதாவது டாக்டர் பக்கம் மட்டும் கம்ப்யூட்டர் வாங்கி, நர்ஸ் பக்கம் காகிதத்தை விட்டுவைப்பது பாதிப் பாலம் கட்டுவது. செலவைக் குறைக்க நிர்வாகங்கள் முதலில் வெட்டுவது நர்ஸ் பக்கத்து மாட்யூலைத்தான்.

ஆனால் முழு பார்கோடு முறை நம் நாட்டு மருந்து விற்பனையோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி உறையில், தன் பார்கோடோடு வரும். நமக்கு ஸ்ட்ரிப். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது உண்மைதான். அது போலி மருந்தைக் கண்டுபிடிக்க வந்தது. நாலு மாத்திரையை வெட்டி எடுத்த பிறகு மிச்ச ஸ்ட்ரிப்பில் கோடு இருக்கும், நோயாளிக்குப் போன நாலில் இருக்காது. மருத்துவமனைப் பார்மசியே ஒவ்வொரு மாத்திரையையும் மறு உறையிட்டு லேபிள் ஒட்ட வேண்டும். அதற்கு ஆள், மெஷின், இடம்.

அதனால் நம் அளவு மருத்துவமனைக்கு மாத்திரைகளை விட்டுவிட்டு, ஆபத்தான ஊசிகளுக்கு மட்டும் இதைச் செய்வது நியாயமான நடுவழி. ஐசியூவிலும் ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய வார்டிலும் போகும் அப்படிப்பட்ட ஊசி மருந்துகள் ஒரு கைப்பிடிதான் தேறும். அந்த ஆம்பூல்களுக்கும் சிறு மருந்துக் குப்பிகளுக்கும் லேபிள் ஒட்டிவிடலாம். ஆனால் சான்ஃபிரான்சிஸ்கோ பையனை மறந்துவிடக் கூடாது. ஸ்கேனர் பார்ப்பது ஆர்டரும் மருந்தும் பொருந்துகிறதா என்று மட்டுமே. ஆர்டர் சரியா என்று அதற்குத் தெரியாது.

என் வரிசை

டூட்டி டாக்டர் முழுநேரமும் இல்லாத மருத்துவமனை என்றால், ஓபியில் தமிழ் அச்சோடு டைப் முறை. வார்டில் நல்ல ஒற்றைச் சார்ட். அதைப் புரட்டிப் பார்க்க ஒரு மருத்துவப் பார்மசிஸ்ட். இதோடு நிறுத்திக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாஃப்ட்வேருக்கு வைத்த பணத்தில் அந்தப் பார்மசிஸ்டுக்குச் சில வருஷச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

டூட்டி டாக்டர்கள் இருக்கும் இடம் என்றால் வார்டு ஆர்டருக்குப் போகலாம், நர்ஸ் பக்கத்து மின்-சார்ட்டையும் சேர்த்து வாங்கினால் மட்டும். முதலில் ஒரு பொது மருத்துவ வார்டு, ஐசியூ கடைசி. பிட்ஸ்பர்க் போல ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் கம்பெனியோடு பேச்சை வளர்க்க வேண்டாம்.

எங்கே வாங்குவது? அரசு மருத்துவமனைகளுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் இ-ஹாஸ்பிடல், மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் இ-சுஷ்ருத் என்று வழிகள் இருக்கின்றன. அங்கே தேர்வு பெரும்பாலும் மேலிடத்தில் நடந்துவிடும். தொண்டு நிறுவன மருத்துவமனைகள் பாமினியைப் பார்க்கலாம். சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனையில் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது, ஆனால் பராமரிக்க ஆள் தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் பில்லிங்குக்கு ஏற்கெனவே வைத்திருக்கும் கம்பெனியிடமே மருந்து மாட்யூலையும் கேட்பார்கள். இயல்பானதுதான், ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது.

பில்லிங் சாஃப்ட்வேரின் மருந்துப் பட்டியல் சரக்குப் பட்டியல். பிராண்ட் பெயர், விலை, பேட்ச் எண், வரி எல்லாம் இருக்கும். அந்த பிராண்டுக்குள் என்ன மருந்து இருக்கிறது என்பது இருக்காது, அல்லது யாரோ அவசரமாக நிரப்பியதாக இருக்கும். பிராண்டுகளாலும் கூட்டு மாத்திரைகளாலும் நிறைந்த நம் சந்தையில் இது பெரிய ஓட்டை. அதனால் டெமோவுக்கு வரும்போது அவர்கள் காட்டுவதைப் பார்க்காமல் நீங்கள் டைப் செய்யுங்கள். டோலோ 650 போட்டுவிட்டு அதே நோயாளிக்கு அல்ட்ராசெட் போடுங்கள். இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறது என்று சொல்கிறதா? பென்சிலின் ஒவ்வாமை என்று பதிந்துவிட்டு, பென்சிலின் வகையைச் சேர்ந்த ஆக்மென்டின் போடுங்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு, அதோடு ஒத்துப்போகாத மெட்ரோனிடசோல் போடுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் ஒன்று என்று போடுங்கள். மூட்டுவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு முறை மருந்து, தினமும் போனால் உயிருக்கே ஆபத்து. எடை பதியாத குழந்தைக்கு சிரப் போடுங்கள். பழைய டோஸை நிறுத்தாமல் புது டோஸ் போடுங்கள்.

இந்த மாதிரிச் சோதனையை அமெரிக்காவில் லீப்ஃபிராக் என்ற அமைப்பு கற்பனை நோயாளிகளை வைத்து மருத்துவமனைகளுக்கு நடத்துகிறது. 2009இல் சராசரியாக 54% ஆக இருந்த மதிப்பெண் 2018இல் 66% ஆனது. அத்தனை பணம் கொட்டிய நாட்டிலேயே ஆபத்தான ஆர்டர்களில் மூன்றில் ஒன்று தப்பிப் போகிறது. உங்கள் டெமோவில் ஆறில் நாலு பிடிபட்டால் மோசமில்லை. மெத்தோட்ரெக்சேட் பிடிபடவில்லையென்றால் மட்டும் நான் எழுந்துவிடுவேன்.

விலைப்புள்ளியில் வராதவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். மருந்துப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கப் போகும் ஆள் யார், அவர் சம்பளம் யார் கணக்கில்? வார்டின் கடைசிப் படுக்கைவரை வைஃபை எட்டுகிறதா? ஒரு வார்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் என்றால் ரவுண்ட்ஸ் நேரத்தில் டாக்டரும் நர்ஸும் அதற்காக வரிசையில் நிற்பார்கள். இரவு ஷிஃப்ட்டில் பாஸ்வேர்டு மறந்தால் யாரைக் கூப்பிடுவது?

கரன்ட் போவதும் நெட் போவதும் நமக்குப் பழகியவை. அதைவிடப் பெரியது ஒன்றும் நடந்திருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை ரேன்சம்வேர், அதாவது தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நாசநிரல், முடக்கியது. இரண்டு வாரம் போல ஓபி, அட்மிஷன், லேப் எல்லாம் கையால் ஓடின. எய்ம்ஸில் கையால் எழுதிப் பழகியவர்கள் ஏராளம். கம்ப்யூட்டரில் மட்டுமே பழகிய நர்ஸ்கள் உள்ள வார்டில் அப்படி நடந்தால், நேற்று இரவு யாருக்கு எத்தனை மணிக்கு எந்த ஊசி போனது என்பதே தெரியாது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒன்று, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியின் மருந்துப் பட்டியலும் வார்டிலேயே உள்ள ஒரு தனிக் கம்ப்யூட்டரில், நெட் இல்லாமலும் பிரிண்ட் எடுக்கும்படி சேர வேண்டும். இரண்டு, கம்பெனியை மாற்ற நேர்ந்தால் நோயாளிகளின் மருந்துப் பதிவு முழுவதையும் வேறு சாஃப்ட்வேர் படிக்கும் வடிவத்தில், கூடுதல் காசு கேட்காமல் கொடுக்க வேண்டும். பழைய டிரக் சார்ட் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடாமல் வார்டுக்கு ஒரு கட்டு பூட்டி வைத்து, மாதத்தில் ஒரு இரவு ஷிஃப்ட்டை அதில் ஓட்டிப் பார்க்கும்படி நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் சொல்லிவையுங்கள். அதற்கு கம்பெனியின் அனுமதி தேவையில்லை.